ஓரத்து வேலை

ஃப்ளெக்ஸ் பேனர் நடுவில் கிழிவது அபூர்வம். வேண்டாதவர் யாராவது பிளேடு போட்டிருந்தால் உண்டு. வேப்பங்கிளை குத்தியிருந்தால் உண்டு. மற்றபடி கிழிசல் ஓரத்தில்தான் தொடங்கும், அதிலும் பெரும்பாலும் மேல் மூலை இரண்டில் ஒன்றில். ஆனால் பேனருக்குக் கொடுக்கிற காசும் கவனமும் நடுவுக்கே போகின்றன. முகம் கறுத்துப் போகாமல் வந்திருக்கிறதா, மாவட்டச் செயலாளர் படம் போதுமான அளவில் இருக்கிறதா, பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்ப்பார்கள். ஓரத்தைத் தடவிப் பார்த்து வாங்கிப் போகிறவர்களை எங்கள் கடையில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் பந்தல்காரர்கள்.

நான் மேசையில் நிற்பவன். அச்சு இயந்திரத்திலிருந்து இறங்குவதை வெட்டி, மடித்து, ஒட்டி, கயிறு கட்ட ஐலெட் என்ற உலோக வளையம் அடித்து, சுருட்டிக் கொடுப்பது என் வேலை. மை காயக் காத்திருக்கும் நேரத்தில் எழுதியவை இவை.

*

தென்காசியில் இருந்துகொண்டு ஓரத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. ஆனியில் தொடங்கி ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாட்களில் ஊருக்குக் கிழக்கே காற்றாலைகள் சளைக்காமல் சுற்றும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அந்த மாதங்களில்தான் சீசன் கடைகளும் விடுதிகளும் புதுப் பேனர் கேட்கின்றன. ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் பக்கமிருந்து வரவேற்புப் பேனர்கள் வரும். காற்றும் ஆர்டரும் சேர்ந்தே வருகின்றன.

மற்ற ஊர்க் கடைகளில் ஓரம் மடிப்பது விருப்பம். இங்கே அதை விருப்பம் என்று சொல்லி விட்டுவிடுபவர்களின் பேனர் மறுநாள் மின்கம்பியில் கிடக்கும்.

*

கையில் இருக்கும் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளெக்ஸ் என்பது ஒரே தாள் இல்லை. நடுவில் பாலியஸ்டர் நூலால் நெய்த வலை, அதன் மேலும் கீழும் பிவிசி படலம். பேனருக்கு வலிமை தருவது உள்ளே மறைந்திருக்கும் அந்த வலைதான். பிவிசி வெறும் முகம், மை பிடிக்கிற பரப்பு. சாதாரண 280 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 280 கிராம் எடையுள்ள சரக்கில் 200, 300 டெனியர் நூல் இருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை 200 கிராம் என்றால் அது 200 டெனியர். ஒரு பக்கம் அங்குலத்துக்கு 18 நூல், குறுக்கே 12 நூல். ரோலின் உறையில் 18×12 என்று போட்டிருப்பது இதைத்தான். 440 ஜிஎஸ்எம், 510 ஜிஎஸ்எம் சரக்குகளில் படலமும் கனம், நூலும் பெரும்பாலும் தடிப்பு.

200 டெனியர் நூல் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ இழுவை தாங்கும். ஓர் அங்குல அகலத் துண்டை இரு கையாலும் நேராக இழுத்துக் கிழிக்கப் பார்த்தால் 18 நூலும் சேர்ந்து நிற்கும், முடியாது. அதே துண்டின் விளிம்பில் ஒரு சிறு வெட்டுப் போட்டு விரலால் பிரித்தால் குழந்தைகூடக் கிழித்துவிடும். வெட்டின் நுனியில் ஒவ்வொரு நூலாக மாட்டுகிறது. பதினெட்டுப் பேர் சேர்ந்து சுமந்ததை ஒவ்வொருவராகத் தனியே வந்து சுமக்கச் சொல்வதுதான் கிழிசல்.

1913-இல் இங்கிலாந்தில் இங்கிலிஸ் என்ற பொறியாளர் கப்பல் தகடுகளைப் பற்றி யோசித்து, ஒரு துளையின் முனை எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை அங்கே குவிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தட்டையான தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் மூன்று மடங்கு. கூரான விரிசலின் நுனியில் அதைவிடப் பல மடங்கு. பின்னால் 1921-இல் கிரிஃபித், கண்ணாடி ஏன் அது தாங்க வேண்டிய அளவில் மிகச் சிறு பங்கிலேயே உடைகிறது என்று ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் காரணம் காட்டினார். இரும்புக்கும் கண்ணாடிக்கும் சொன்ன கணக்கு நூல் வைத்த தாளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கத்தியால் வெட்டிய ஃப்ளெக்ஸ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் இருவரும் ஞாபகத்துக்கு வருவார்கள். பிளேடு மழுங்கியிருந்த இடமெல்லாம் பிசிறு. ஒவ்வொரு பிசிறும் காற்றுக்குக் காட்டிய வழி.

அதனால் மேசையில் என் முதல் செலவு பிளேடு. அது மழுங்கும்வரை காத்திருப்பதில்லை, நுனியை உடைத்துப் போட்டுக்கொண்டே இருப்பேன். முதலாளி இதைச் செலவுக் கணக்கில் பார்க்கிறார்.

*

வெட்டிய ஓரத்தில் இன்னொன்று நடக்கிறது, மெதுவாக. பிவிசி படலம் தண்ணீர் விடாது. ஆனால் வெட்டுவாயில் நூல்களின் முனை திறந்து கிடக்கிறது. சாரல் நாட்களில் நூல் ஈரத்தை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். சில வாரங்களில் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சாம்பல் நிறக் கோடுகள் ஓடும். ஊசி வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக, நூல் போகிற வழியே. அப்புறம் படலம் வலையைவிட்டுப் பிரியும். நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். மடித்து ஒட்டினால் திறந்த முனைகள் மடிப்புக்குள் போய்விடுகின்றன. மடிப்பின் இந்தப் பயன் காற்றைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

*

மடிப்பது ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம். எப்படி நிறுத்துவது என்பதில்தான் கடைக்குக் கடை வேறுபாடு.

தைக்கலாம். பழைய படுதாக் கடைக்காரர்கள் இன்றும் தைக்கத்தான் சொல்வார்கள். கனத்த சரக்குக்குச் சரி. மெல்லிய ஃப்ளெக்ஸில் நெருக்கமாகத் தையல் போட்டால் ஊசி போன துளைகள் தபால்தலை ஓரம்போல் வரிசையாக நின்று, கிழிய வேண்டிய கோட்டை நாமே குறித்துக் கொடுத்ததாகிவிடும். தைத்தே ஆக வேண்டுமென்றால் தையல் நீளத்தைக் கூட்டி, பாலியஸ்டர் நூலில், இரண்டு வரி. பருத்தி நூல் வெயிலிலும் மழையிலும் முதலில் போவது.

பசை போடலாம். பிவிசியையே சற்றுக் கரைத்து ஒன்றோடொன்று பிடிக்கவைக்கும் பசை. மலிவு, எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் பசை தடவிய பையன் எவ்வளவு அவசரத்தில் இருந்தான் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரியும். வாடை மண்டையைப் பிளக்கும். கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். கதவைத் திறந்தால் தூசி வந்து பசையில் உட்காரும்.

சூடு காட்டி ஒட்டலாம். நான் விரும்புவது இது. தட்டையான மூக்கு வைத்த வெப்பக்காற்றுத் துப்பாக்கி ஒரு கையில், சிலிக்கான் உருளை மறு கையில். மூக்கை மடிப்பின் வாய்க்குள் நுழைத்து நகர்த்திக்கொண்டே போக, பின்னாலேயே உருளை அழுத்திக்கொண்டு வர வேண்டும். மெதுவாகப் போனால் ஓரம் சுருங்கி அலை அலையாக நெளியும், பிவிசி கருகி மூக்கில் ஏறுகிற புளித்த நெடி வரும். அது ஹைட்ரஜன் குளோரைடு. வேகமாகப் போனால் ஒட்டியதுபோல் இருக்கும், ஆறினதும் உரிந்துவிடும். சரியான வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. மடிப்பின் ஓரத்தில் மெல்லிய பளபளப்பு ஒன்று கூடவே ஓடி வரும். அதை விட்டுவிடாமல் கை போக வேண்டும். கற்றுக்கொள்ள வந்த பையன்களிடம் அந்தப் பளபளப்பைத்தான் காட்டுகிறேன்.

ஒட்டினது சரியா என்று பார்க்க வெட்டி மீந்த துண்டில் சோதிப்பேன். ஆறவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து உரிக்கும்போது மடிப்புப் பிரிந்து சுத்தமாக வந்தால் வேலை தோல்வி. படலம் பிய்ந்து உள்ளே வலை தெரிந்தால் வெற்றி. ஒட்டு, பொருளைவிடப் பலமாக இருந்திருக்கிறது.

பெரிய பட்டறைகளில் ரேடியோ அலை வைத்து ஒட்டும் இயந்திரம் உண்டு. 27.12 மெகாஹெர்ட்ஸ். பிவிசியில் குளோரின் இருப்பதால் அதன் மூலக்கூறு ஒரு பக்கம் மின்னேற்றம் சாய்ந்தது. மாறுகிற மின்புலத்தில் புரண்டு புரண்டு உள்ளிருந்தே சூடாகிறது. பாலித்தீனுக்கு அந்தச் சாய்வு இல்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் குளிர்ந்தே கிடக்கும். எங்கள் கடைக்கு அந்த இயந்திரம் வரப்போவதில்லை. ஆனாலும் அதே குளோரின்தான் ஒட்டவும் வைக்கிறது, எரித்தால் நஞ்சாகவும் வருகிறது என்பது மேசையில் நிற்கும்போது அடிக்கடி நினைவுக்கு வரும்.

*

அரசியல் பேனரின் கீழ் ஓரத்தில் ஒரு வரிசை முகங்கள் உண்டு. மேலே தலைவர்கள் பெரிதாக. நடுவில் செலவு செய்தவர் கும்பிட்டபடி. கீழே கிளை, வார்டு, இளைஞரணி என்று பாஸ்போர்ட் அளவில் நெருக்கியடித்துப் பத்து இருபது பேர். இந்த வரிசைதான் மடிப்புக்கு முதல் பலி. டிசைன் செய்கிறவர் கணினித் திரையில் ஓரத்துக்கு வெள்ளை இடம் விடுவதில்லை. விட்டால் இடம் வீணாகிறது என்று கட்சிக்காரர் சொல்வார். ஒன்றரை அங்குலம் மடித்தால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கேட்கப் போகிறவரின் கழுத்து காணாமல் போகும். ஐலெட் அடித்தால் துளை யாராவது ஒருவர் நெற்றியில் விழும்.

ஒருமுறை பேனர் வாங்க வந்தவர் கீழ் ஓரத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, காசு குடுத்தது கீழ நிக்கிற பயலுவதான். அவனுவளைச் சாய்ச்சிராதீங்க."

அதிலிருந்து கோப்பு வந்ததும் முதலில் கீழ் வரிசையைப் பார்ப்பேன். டிசைனரிடம் சொல்லி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பின்னணி நிறத்தை நீட்டச் சொல்வேன். தலைவர் முகத்துக்கு ஆபத்தே கிடையாது. அவர் எப்போதும் மடிப்பிலிருந்து மூன்று அடி தள்ளித்தான் இருப்பார்.

பத்தடிக்கு மேல் அகலம் வேண்டுமென்றால் இரண்டு துண்டாக அச்சிட்டு ஒட்ட வேண்டும், ஏனென்றால் இயந்திரம் 3.2 மீட்டர்தான். ஒட்டின் அடியில் வரும் பட்டையில் மை இருக்கக் கூடாது. மை மேல் ஒட்டினால் பிவிசி பிவிசியைப் பிடிக்காது, மையைப் பிடிக்கும். மை தன் பங்குக்கு விட்டுவிடும். இந்த வெள்ளைப் பட்டையையும் டிசைனர்களிடம் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

*

காற்றின் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ அழுத்தும். 10×20 அடி பேனர் 18.6 சதுர மீட்டர். மொத்தம் 110 கிலோவுக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 72 கிலோமீட்டரில் 460 கிலோ. ஒரு மாடு சாய்ந்து நிற்கிற கனம்.

சுற்றளவு 60 அடி. இரண்டு அடிக்கு ஒரு ஐலெட் என்றால் 30. எல்லாம் சமமாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ. ஐலெட் வெளியே பிய்த்துக்கொண்டு போகாமல் தடுப்பவை துளைக்கும் விளிம்புக்கும் நடுவே விளிம்போரமாக ஓடும் நூல்கள். அரை அங்குல இடம் விட்டிருந்தால் ஆறோ ஒன்பதோ நூல். மடிக்காத ஓரத்தில் அடித்த ஐலெட்டின் கதை அங்கேயே முடிந்தது. மடித்திருந்தால் நூல் இரட்டிப்பு. அதோடு வெளி விளிம்பு வெட்டுவாயாக இல்லாமல் மூடிய மடிப்பாக இருக்கும். மடிப்புக்குள் நைலான் கயிறு ஓடவிட்டு, ஐலெட்டைக் கயிற்றுக்கு உட்புறமாக அடித்தால் பாரம் நூலைவிட்டுக் கயிற்றுக்குப் போய்விடும். பாய்மரக் கப்பல்களில் பாயின் விளிம்பு நெடுகக் கயிறு வைத்துத் தைத்தது இதற்குத்தான். புதிதாக யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நடைமுறையில் எல்லா ஐலெட்டும் சமமாகப் பங்கு போடுவதில்லை. கட்டுகிறவர் முதலில் மேல் மூலைகளை இழுத்து முடிச்சுப் போடுவார். கடைசியில் கட்டுகிற கீழ்ப் பக்கம் தொளதொளவென்று நிற்கும். மூலை தன் பங்கைப் போல மூன்று நான்கு மடங்கு பாரத்தைச் சுமக்கும். அதனால் மூலையில் ஒரு முக்கோணத் துண்டு வைத்து ஒட்டி மூன்று நான்கு அடுக்காக்குவேன். மூலையின் இரு பக்கமும் ஓரடிக்குள் இன்னொரு ஐலெட் அடிப்பேன். ஐலெட் பித்தளையில் இருந்தால் சாரலில் துருவேறாது. இரும்பில் முலாம் பூசியது ஒரே மழைக்காலத்தில் பேனர் முழுக்கக் காவிக் கோடு இழுத்துவிடும்.

பேனர் நடுவே அரைவட்டமாக வெட்டிக் காற்றுக்கு வழிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர்களே கேட்பார்கள். மூன்று அங்குல ஆரத்தில் ஓர் அரைவட்டம் பத்தில் ஒரு சதுர அடி. இருபது வெட்டினாலும் இரண்டு சதுர அடி. 200 சதுர அடி பேனரில் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒரு பங்குக்காக நாற்பது கூர்முனைகளை நாமே பேனருக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். இங்கிலிஸ் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். காற்று உண்மையிலேயே தொந்தரவென்றால் வலைப்பின்னல் சரக்கு, அதாவது மெஷ், வாங்க வேண்டும். பரப்பு முழுக்கத் துளை, படம் கொஞ்சம் மங்கும். யாரும் வாங்குவதில்லை. தலைவர் முகத்தில் துளையா?

*

அளவு கேட்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி வேறு. எத்தனை நாள் நிற்கணும்?

கல்யாணத்துக்கு ஒரு நாள். சடங்குக்கு ஒரு நாள். அமைச்சர் வருகைக்கு ஒரு மாலைப்பொழுது. "ஒரு நாளைக்கு நிக்கப் போவுது, அதுக்கு எதுக்கு அண்ணாச்சி மடிப்பு?" என்பார்கள். நியாயம்தான். ரீப்பர் கட்டைச் சட்டத்தில் இழுத்து, ஓரத்தில் மெல்லிய பட்டை வைத்து ஆணி அடித்துவிட்டால் போதும். மண்டப வாசலுக்குள் நிற்கிற பேனருக்கு மடிப்புப் போட்டுக் காசு வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனர் பெரும்பாலும் ராத்திரியில் கேட்டு வருவார்கள். இறந்தவரின் படம் கைபேசியில், ஏதோ கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஒரு மணி நேரத்தில் வேண்டும். மை காய நேரமில்லை. கரைப்பான் வாடையோடு சுருட்டாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். ஓரம் மடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் வைக்கிறார்கள். ஆனால் அந்த முகத்தை இறக்கக் கை வருவதில்லை. பெரிய மகன் இறக்கட்டும் என்று சின்ன மகன் விட்டுவிடுவான். தெருக்காரர்கள் குடும்பம் இறக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கடைசியில் மேல்காற்றுதான் அந்தக் காரியத்தைச் செய்து முடிக்கிறது, மூலையிலிருந்து.

ஒரு பேனருக்குள் நான்கு வேறு வேறு ஆயுள் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. எதற்காக வைத்தார்களோ அந்தக் காரணத்துக்கு ஒரு நாள். மடிக்காத ஓரத்துக்கு ஒரு காற்றுக்காலம். மைக்கு ஓரிரு வருடம். வெயிலில் முதலில் மஞ்சள் போகும், ரோஜா நிறம் போகும், கடைசியில் எல்லா முகமும் நீலமாக நிற்கும். பிவிசிக்கும் பாலியஸ்டருக்கும் நம் எல்லாருடைய காரணங்களையும் தாண்டிய ஆயுள். நான் மடித்து ஒட்டும்போது இரண்டாவதைக் கொஞ்சம் நீட்டி மூன்றாவதோடு சேர்த்துவைக்கப் பார்க்கிறேன். முதலாவதையும் நாலாவதையும் சேர்த்துவைக்க யாராலும் முடியவில்லை.

டீக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற டீச்சரம்மா — இவர்கள்தான் மடிப்புக்கு உரிய வாடிக்கையாளர்கள். பேனர் அவர்களுக்குப் பெயர்ப்பலகை, உழைத்தாக வேண்டும். மற்றவர்களிடம் கேட்பதுபோல இவர்களிடம் நாள் கேட்டால் சிரிக்கிறார்கள்.

*

2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுத்திட்டில் ஒரு கல்யாணத்துக்காக வைத்திருந்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. அவர் நிலைதடுமாறிச் சாலையில் விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தப் பேனருக்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. உயர்நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. கட்சிகளும் நடிகர்களும் இனிப் பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டார்கள். அந்த மாதம் எங்கள் கடையில் வேலை இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது.

அதைப் பற்றி ஓரத்து வேலைக்காரன் யோசிக்க ஒன்று இருக்கிறது. ஓரத்தை எவ்வளவு பலப்படுத்தினாலும் பாரம் மறைந்துவிடுவதில்லை. ஐலெட்டுக்குப் போகிறது, அங்கிருந்து கயிற்றுக்கு, கம்புக்கு, குழிக்கு. பலவீனமான ஓரமுள்ள பேனர் கிழிந்து தொங்கும், கம்பு நிற்கும். பலமான ஓரமுள்ள பேனர் கிழியாது. சவுக்குக் கம்போடு சேர்ந்து சாயும். நன்றாகச் செய்த வேலை ஆபத்தை வேறொருவர் தலைக்கு மாற்றிவிடக்கூடும்.

ஆகவே சாலையோரம் கட்டப்போகிற பேனருக்குக் கட்டுக்கம்பி கேட்டால் கொடுப்பதில்லை. மேல் பக்கம் நைலான் கயிறு, கீழ்ப் பக்கமும் பக்கவாட்டுக் கீழ்ப் பாதியும் சணல். காற்று அளவு மீறினால் முதலில் சணல் அறும். பேனர் மேலிருந்து கொடிபோல் தொங்கிப் பறக்கும், அழுத்தம் பெரும்பகுதி இறங்கிவிடும், கம்பு தப்பிக்கும். எது முதலில் அற வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதும் இந்த வேலையில் சேர்ந்தது. நடுத்திட்டுக்கு என்று தெரிந்தால் ஆர்டரே எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "நம்ம எடுக்கலேன்னா அடுத்த கடைல எடுப்பான்" என்றார். அதுவும் உண்மைதான், ஆனால் அது ஒரு பதில் இல்லை.

*

புளியரை தாண்டினால் கேரளம். அங்கே 2019-இல் பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்துவிட்டார்கள். புனலூர்ப் பக்கத்து ஆட்கள் இப்போது பருத்தித் துணியில் அச்சடித்துக் கேட்கிறார்கள், இல்லையென்றால் பாலித்தீன் சரக்கில். என் வெப்பத் துப்பாக்கி துணியிடம் எதுவும் செய்ய முடியாது. துணிக்கு ஓரம் அடிக்க வேண்டும். ரதவீதியில் பாவாடை, தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருவருக்கு இப்படி மறுபடி பேனர் வேலை வந்தது. மறுபடி என்றால், ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் துணிப் பேனர் எழுதுகிற ஓவியர்களுக்குக் காடாத் துணியை இணைத்துத் தைத்து, கம்பு நுழையப் பை வைத்துக் கொடுத்தவர் அவர். ஓவியர்கள் என்ன ஆனார்கள் என்று அவரிடம் கேட்டேன். ஒருவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார், ஒருவர் எங்களைப் போன்ற கடையில் டிசைனர் ஆனார் என்றார்.

அவர் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கால் அங்குலம் மடித்து, அதற்கு மேல் மறுபடி ஒரு மடிப்பு. பிசிறு இரண்டு சுற்று உள்ளே போய்விடுகிறது. மூலை வரும்போது துணியைக் குறுக்கே மடித்துத் திருப்பித் தடிமனைக் குறைத்துக்கொண்டு போனார். நான் மூலையில் அடுக்குக் கூட்டுகிறேன், அவர் குறைக்கிறார். காரணம் கேட்டால், தடிப்பு ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தடிப்பு முடிகிற கோட்டில் துணி ஒடியும் என்றார். அது ஃப்ளெக்ஸுக்கும் பொருந்துகிறது. என் முக்கோணத் துண்டின் உள்விளிம்பை இப்போது நேராக விடாமல் வளைத்து வெட்டுகிறேன்.

*

2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு நாடு முழுக்கத் தடை. எங்கள் சரக்கு எல்லாமே அதைவிடக் கனம். ஆகவே தடை எங்களைத் தொடாமல் கடந்து போனது. தடிப்பாக இருப்பதால் நல்லது என்று எப்படி முடிவு செய்தார்களோ. வலையையும் படலத்தையும் பிரிப்பது கடினம் என்பதால் இதை வாங்கி உருக்குகிற பழைய பொருள் கடைக்காரர் இல்லை.

ஆனால் குப்பைக்கும் அதிகம் போவதில்லை. விழுந்த பேனர் ராத்திரிக்குள் காணாமல் போகும். கீழப்பாவூர், சுரண்டைப் பக்கம் போனால் தெரியும்: வைக்கோல் படப்பு மேல், ஆட்டுக் கொட்டகைக்கு மேல், குளியல் மறைப்பாக, ஒழுகுகிற ஓட்டின் அடியில், களத்தில் உளுந்து காயப்போட. முகம் பெரும்பாலும் உள்பக்கம் திருப்பியிருக்கும். வெள்ளைப் பின்புறம் வெளியே இருந்தால் வெயில் ஏறாது என்பது ஒரு காரணம். ஆட்டுக் கொட்டகைக்குள் படுத்து அண்ணாந்து பார்த்தால் ஒரு முன்னாள் அமைச்சர் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அஞ்சலிப் பேனரை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அதைக் குடும்பமே கொண்டுபோய் மச்சில் சுருட்டி வைக்கிறது.

இந்த இரண்டாம் பிழைப்பில் பேனருக்கு ஐலெட் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். ஆனாலும் கொட்டகை மேல் இரண்டு மூன்று காற்றுக்காலம் அது நிற்பதைப் பார்க்கிறேன். எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஏறிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, ஃப்ளெக்ஸின் அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, கல்லோடு சேர்த்துச் சுருக்கிக் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். துளையே கிடையாது, ஒரு நூல்கூட அறுபடவில்லை. கல்லைச் சுற்றி எல்லாத் திசை நூல்களும் சேர்ந்து இழுபடுகின்றன. கிழிந்த ஓரம் வெளியே சும்மா படபடத்துக்கொண்டிருக்கிறது, பாரம் அதன்மேல் இல்லவே இல்லை. வேண்டியபோது அவிழ்த்து வேறிடத்தில் கல்லை வைத்துக்கொள்ளலாம்.

ஆடு மேய்க்கிற பாட்டியிடம் எந்தக் கல் நல்லது என்று கேட்டேன். ஆற்றுக் கல்தான் எடுக்கணும், முட்டைக்குச் சின்னதா இருக்கணும், சல்லிக்கல் வைத்தால் மூலை குத்திக் கிழித்துவிடும் என்றாள். சிற்றாற்றில் இப்போது அப்படிப்பட்ட கல் பொறுக்க நேரமாகிறதாம். அவசரத்துக்குப் பச்சைப் புளியங்காய்கூட வைத்துக் கட்டியிருக்கிறாளாம். காய்ந்ததும் சுருங்கிக் கயிறு நழுவிவிட்டதாம்.